பூட்டி வச்ச வண்டிக்குள்ள மூணு காலம்

கோடை லீவுக்கு ஆறு வாரம் ஊருக்குக் கிளம்பறவங்க ஒரு லிஸ்ட் போடுவாங்க. தபாலை நிறுத்தி வைக்கச் சொல்லணும், ஃப்ரிட்ஜைக் காலி பண்ணணும், செடிக்குத் தண்ணி ஊத்தப் பக்கத்து வீட்டுல சாவி குடுக்கணும். இந்த லிஸ்ட்ல வண்டி பேர் பெரும்பாலும் இருக்காது. அது பாட்டுக்கு ஓரமா நிக்கப் போகுது, அதுக்கு என்ன கேடு?

அது பிளக்-இன் ஹைபிரிட் வண்டியா இருந்தா கொஞ்சம் கேடுதான். திரும்பி வர்ற அன்னிக்கு ராத்திரி, இருபது மணி நேர விமானத் தூக்கம் கண்ணுல, ரெண்டு கையிலயும் பெட்டி. சாவிப் பட்டனை அழுத்தினா வண்டி கண் சிமிட்டாது. கதவு திறக்காது. உள்ள தரைக்கு அடியில ஒரு பெரிய லித்தியம் பேட்டரி, ஊரைச் சுத்தி வர்ற அளவுக்குச் சார்ஜோட கம்முனு கிடக்கும். டேங்க்ல பெட்ரோலும் இருக்கும். ஆனா ஒரு விளக்குகூட எரியாது. கிணறு நிறைய தண்ணி, இறைக்கக் கயிறு இல்லை.

அந்தக் கயிறு என்னன்னா, ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி. சாதாரணக் கார்ல இருக்குமே, அதே ஜாதி. ஹைபிரிட்ல இருக்கற பெரிய பேட்டரி நூத்துக்கணக்கான வோல்ட். வண்டி நிக்கறப்போ அதைத் திறந்து விட்டு வைக்க முடியாது, தொட்டா ஆளைத் தூக்கிடும். அதனால வண்டியை அணைச்ச உடனே தடிமனான ரிலேக்கள் பெரிய பேட்டரியை மத்ததுல இருந்து துண்டிச்சிடும். திரும்பச் சேர்க்கணும்னா அந்த ரிலேவை இழுக்கறதுக்குக் கரண்ட் வேணும். அந்தக் கரண்ட் எங்கிருந்து வரும்? சின்ன பேட்டரியில இருந்து. அது செத்திருந்தா பெரியவரை எழுப்ப ஆள் இல்லை.

முதல் தலைமுறை செவர்லே வோல்ட் வண்டியில பெரிய பேட்டரி 16 கிலோவாட்-மணி. ஒரு சாதாரண 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி பேட்டரிய கணக்குப் போட்டா 0.6 கிலோவாட்-மணி. இருபத்தஞ்சு மடங்குக்கு மேல பெரியவர் சின்னவரோட தயவுல நிக்கறார். இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்ததுன்னு பார்க்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

*

வண்டி தானா எழுந்திரிச்ச காலம்னு ஒண்ணு ஆரம்பத்துல கிடையவே கிடையாது. முன்னாடி போய் நின்னு, ஹேண்டிலைச் சொருகி, மூச்சைப் பிடிச்சு ஒரு சுத்து. நம்ம ஊர் அம்பாசடர் பம்பர்ல ஓட்டை இருந்தது ஞாபகம் இருக்கறவங்களுக்கு இது புரியும். இன்ஜின் நேரம் தப்பி வெடிச்சா ஹேண்டில் எதிர்ப்பக்கம் அடிக்கும். அடிச்சா மணிக்கட்டு போச்சு. மணிக்கட்டு எலும்புல வர்ற ஒரு வகை முறிவுக்கு டாக்டர்கள் 'ஷோஃபர் முறிவு'ன்னே பேர் வச்சிருக்காங்க. இன்னிக்கும் அந்தப் பேர் புழக்கத்துல இருக்கு. (ஷோஃபர்ங்கற ஃப்ரெஞ்சு வார்த்தைக்கே கொதிகலனுக்கு நெருப்பு போடறவன்னுதான் மூல அர்த்தம். அதாவது வண்டியை எழுப்பறவன்!)

இதனாலதான் 1900ஐ ஒட்டிய வருஷங்கள்ல எலெக்ட்ரிக் கார்களுக்கு ஒரு தனி மவுசு. ஹேண்டில் கிடையாது, புகை கிடையாது, ஏறி உக்காந்து நெம்புகோலைத் தள்ளினா போகும். ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் வித்த ஹென்றி ஃபோர்டோட சம்சாரம் கிளாரா ஓட்டினது டெட்ராய்ட் எலெக்ட்ரிக். அடுத்தவன் கம்பெனி பேட்டரி வண்டி! இந்த ஒரு தகவலே அந்தக் காலத்து ஹேண்டில் எப்படிப்பட்டதுன்னு சொல்லிடும்.

அப்புறம் சார்லஸ் கெட்டரிங் வர்றார். ஒஹையோ மாநிலம் டேட்டன் ஊர்க்காரர். முதல்ல கல்லாப்பெட்டி செய்யற கம்பெனியில வேலை. கல்லாவைக் கையால சுத்தறதுக்குப் பதிலா ஒரு சின்ன மோட்டார் வச்சவர் அவர். அங்க அவர் பிடிச்சுக்கிட்ட சூட்சுமம் ஒண்ணுதான். மோட்டார் நாள் பூரா ஓட வேண்டியதில்லை, ரெண்டு மூணு செகண்ட் முக்கினா போதும், அந்த நேரத்துக்கு அதோட சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், எரிஞ்சு போகாது. காரைக் கிளப்ப இவ்ளோ பெரிய மோட்டாரும் பேட்டரியும் வேணும்னு மத்தவங்க கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தப்ப, இவர் கல்லாப்பெட்டிக் கணக்கைக் கொண்டு வந்தார்.

1911 பிப்ரவரியில காடிலாக் வண்டியில பொருத்திக் காட்டினார். 1912 மாடல்ல இருந்து அது கம்பெனியே பொருத்திக் குடுக்கற சாதனம் ஆச்சு. காடிலாக் முதலாளி ஹென்றி லீலண்டோட நண்பர் பைரன் கார்ட்டர், நடுவழியில நின்னு போன ஒரு பெண்மணி வண்டிக்கு ஹேண்டில் போட உதவி, அடிபட்டு, அதுலயே செத்துப் போனார், அந்த வேதனையிலதான் லீலண்ட் இதைச் செய்யச் சொன்னார்னு ஒரு கதை ரொம்ப நாளா சொல்லப்படுது. கார்ட்டர் 1908ல செத்தது உண்மை. மத்தது கொஞ்சம் மெருகு ஏத்தின மாதிரிதான் எனக்குப் படுது.

கவனிக்க வேண்டியது வேற. கெட்டரிங்கோட அந்தப் பொட்டி ரெண்டு வேலை பார்த்தது. கிளம்பறப்ப மோட்டார், கிளம்பின பிறகு அதே பொட்டி ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்பும். இன்னிக்கு ஹைபிரிட்ல நடக்கறது அளவுல பெரிசு, அடிப்படையில இதேதான். இன்னொரு வேடிக்கை, எலெக்ட்ரிக் காரோட மவுசைக் குறைச்சது ஒரு எலெக்ட்ரிக் மோட்டாரும் ஒரு பேட்டரியும். ஹேண்டில் போனதும் சம்சாரங்களும் பெட்ரோல் காருக்கு வந்துட்டாங்க.

ஃபோர்டோட மாடல் டி-க்கு இந்த வசதி 1919லதான் எட்டிப் பார்த்தது. அதுவரைக்கும் மணிக்கட்டுக்கு யாரும் உத்தரவாதம் குடுக்கலை.

*

ஆக 1912ல இருந்து ஒவ்வொரு பெட்ரோல் காருக்குள்ளயும் ஒரு ஈயப் பேட்டரி குடியேற ஆரம்பிச்சது. அது ஏற்கெனவே அரை நூற்றாண்டு பழசு. 1859ல ஃப்ரான்ஸ்ல காஸ்டன் பிளாண்டே ரெண்டு ஈயத் தகட்டைச் சுருட்டி கந்தக அமிலத்துல வச்சார். திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணக்கூடிய முதல் பேட்டரி அதுதான். 1881ல கமீய் ஃபோர் தகட்டு மேல ஈயப் பசையைப் பூசி, அதைத் தொழிற்சாலையில செய்யற சரக்கா மாத்தினார்.

இந்த ஈயத்துக்கு ஒரு குணம். வயிறு நிறைஞ்சே இருக்கணும். கரண்ட் இறங்க இறங்க ரெண்டு தகட்டு மேலயும் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் பண்ணினா கரைஞ்சிடும். வாரக்கணக்குல அப்படியே விட்டா இறுகி, பெரிய படிகமாகி, அப்புறம் என்ன கரண்ட் குடுத்தாலும் முழுசாக் கரையாது. பேட்டரி பாதி செத்த மாதிரி. சும்மா வச்சிருந்தாலே தானா இறங்கும், வெயில் காலத்துல இன்னும் வேகமா.

இது நாம இப்பக் கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்லை. சிகாகோவில 1922ல ஓ. ஏ. விட் எழுதின கார் பேட்டரி பராமரிப்புப் புத்தகம் ஒண்ணு குட்டன்பெர்க் தளத்துல இலவசமாக் கிடைக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம். அந்தக் காலத்துல அமெரிக்காவோட வட பகுதிகள்ல குளிர்காலம் வந்தா நிறைய பேர் வண்டியைக் கட்டை மேல தூக்கி வச்சிட்டு வசந்தம் வர்ற வரைக்கும் தொடமாட்டாங்க. நாலஞ்சு மாச லீவு வண்டிக்கு. பேட்டரியை மட்டும் கழட்டி ஊர்ல இருக்கற பேட்டரிக் கடையில ஒப்படைச்சிடுவாங்க, நாம பக்கத்து வீட்டுல செடியை ஒப்படைக்கற மாதிரி.

கடைக்காரர் ரெண்டு விதமாப் பராமரிப்பார். ஈர முறை, உலர் முறை. ஈர முறையில முழுசாச் சார்ஜ் ஏத்தி, பெஞ்சு மேல வரிசையா வச்சு, மாசத்துக்கு ஒரு தடவை தண்ணி பார்த்து மறுபடி சார்ஜ். உலர் முறை பெரிய வைத்தியம். பேட்டரியையே பிரிச்சு, தகடுகளைக் காய வச்சு, நடுவுல இருக்கற மரச் சீவல்களைத் தூக்கிப் போட்டுட்டு, வசந்தத்துல புதுச் சீவல் வச்சு மறுபடி கட்டணும். நிக்கற வண்டிக்கு அன்னிக்கு ஒரு ஆள் பொறுப்பு இருந்தது, அது ஒரு தொழில். அந்த ஆள் இன்னிக்கு நம்ம ஊர்லயோ அவங்க ஊர்லயோ கிடையாது. அந்த வேலையை நாமதான் செய்யணும், யாரும் சொல்லித் தரலை.

பிரிட்டன்ல இன்னும் பெரிய லீவு ஒண்ணு நடந்தது. யுத்தத்துக்கு நடுவுல, 1942 ஜூலையில சொந்த உபயோகத்துக்கான அடிப்படைப் பெட்ரோல் ரேஷனை நிறுத்திட்டாங்க. திரும்ப வந்தது 1945 ஜூன்ல. மூணு வருஷம் எத்தனையோ கார்கள் ஷெட்டுக்குள்ள கட்டை மேல தூங்கின.

*

பெட்ரோலையும் பேட்டரியையும் ஒரே வண்டியில போடற யோசனை கெட்டரிங்குக்கும் முந்தினது. வியன்னாவில லோனர் கம்பெனியில வேலை பார்த்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900ல ஒரு வண்டி செய்தார். முன் சக்கரங்களுக்குள்ளயே மோட்டார். ரெண்டு சின்ன பெட்ரோல் இன்ஜின், ஒவ்வொண்ணும் ஒரு ஜெனரேட்டரைச் சுத்தும், அது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கரண்ட் குடுக்கும். இன்ஜினை எழுப்ப அதே ஜெனரேட்டரைத் திருப்பி மோட்டாராப் பயன்படுத்தினார். ஹேண்டில் தேவையில்லை. அந்த வண்டிக்கு அவர் வச்ச லத்தீன் பேர் 'செம்பர் விவுஸ்'. எப்பவும் உயிரோட இருக்கறதுன்னு அர்த்தம். இதை விடப் பொருத்தமான பேரை ஒரு ஹைபிரிட்டுக்கு யாரும் வைக்கலை, இதை விட அதிகப்படியான ஆசையையும் :-)

சிகாகோவில உட்ஸ் கம்பெனி 1917 வாக்கில 'டூயல் பவர்'னு ஒண்ணு வித்தது. விலை 2,650 டாலர். அதுக்கு எத்தனை மாடல் டி வாங்கலாம்னு ஜனங்க கணக்குப் போட்டிருப்பாங்க. சீக்கிரமே கடை கட்டிடுச்சு.

அப்புறம் எண்பது வருஷம் தாண்டணும். 1997 டிசம்பர்ல டொயோட்டா ஜப்பான்ல பிரியஸ் விக்க ஆரம்பிச்சது. 2000ல மத்த நாடுகள். "இதைப் பிளக்ல சொருக வேண்டியதே இல்லை"ங்கறதுதான் அப்போ விளம்பரம். ஜனங்களுக்கு அவ்ளோ பயம். ஆனா சொருகினா என்னன்னு கேட்டவங்களும் இருந்தாங்க. கலிஃபோர்னியாவில டேவிஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஃபிராங்க் மாணவர்களை வச்சு அப்படிப்பட்ட வண்டிகளை வருஷக்கணக்காச் செய்து காட்டிக்கிட்டு இருந்தார். 2004ல கால்கார்ஸ்ங்கற ஆர்வலர் குழு ஒரு பிரியஸை எடுத்து, பின்னாடி கூடுதல் பேட்டரி அடுக்கி, வீட்டு பிளக்ல சொருகற மாதிரி மாத்திட்டாங்க. முதல் முயற்சிக்கு அவங்க போட்ட பேட்டரி எது தெரியுமா? ஈயம்தான். பிளாண்டே தாத்தா எங்க போனாலும் விடமாட்டார்.

கம்பெனிகள் பின்னாடியே வந்தன. 2008 டிசம்பர்ல சீனாவில பிஒய்டி எஃப்3டிஎம். 2010 டிசம்பர்ல அமெரிக்காவில செவர்லே வோல்ட். இதுங்க உள்ள லித்தியம், 1991ல சோனி முதன்முதலா விக்க ஆரம்பிச்ச ரகத்தோட வாரிசு.

இந்த லித்தியத்தோட குணம் ஈயத்துக்கு நேர் எதிர். முழு வயித்தோட வெயில்ல நின்னா அதுக்கு வயசாகும். பாதி வயிறுதான் அதுக்குச் சுகம். முழுசாக் காலியாகவும் விடக்கூடாது. நிக்கறப்போ தானா இறங்கறது ரொம்பக் கொஞ்சம்.

மூணாவது ஆள் பெட்ரோல். அதுவும் நிக்கப் பிடிக்காத ஆள். லேசான பகுதி ஆவியாகும், மிச்சம் காத்தோட சேர்ந்து பிசினாகும். பிளக்-இன்ல வீட்டுக் கரண்ட்லயே தினமும் ஆபீஸ் போய் ஆணி பிடுங்கிட்டு வர்றவங்களுக்குப் பெட்ரோல் மாசக்கணக்குல செலவாகாது. இதை யோசிச்சு வோல்ட்ல டேங்க்கையே காத்துப் புகாம மூடி, அழுத்தம் தாங்கற மாதிரிச் செய்தாங்க. சுமார் ஆறு வாரம் இன்ஜின் ஓடலைன்னா 'ஒரு தடவை ஓட்டிக்கறேன்'னு வண்டியே கேட்கும். டேங்க்ல இருக்கற பெட்ரோலுக்குச் சராசரியா ஒரு வயசு ஆச்சுன்னா, அதை எரிச்சுத் தீர்க்கத் தானே இன்ஜினை ஓட்டும். ஆனா இதெல்லாம் நீங்க வண்டியை ஓட்டிக்கிட்டு இருந்தாத்தான். யாரும் இல்லாதப்போ அது தானா எழுந்து ஓடாது. ஓடவும் கூடாது, மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜின் ஓடினா ஆபத்து.

இப்பப் பாருங்க வேடிக்கையை. ஒரே வண்டி. ஈயம் சொல்லுது, என்னை நிரப்பி வை. லித்தியம் சொல்லுது, என்னைப் பாதியில விடு. பெட்ரோல் சொல்லுது, என்னை எரிச்சுடு. ஒவ்வொண்ணும் முந்தினதோட கஷ்டத்தைத் தீர்க்க வந்தது. வந்தது எதுவும் முந்தினதை வெளியே அனுப்பலை. மூணு மாமியார் இருக்கற வீடு மாதிரி ஆயிடுச்சு. வோல்ட் கையேடு இதை ஒத்துக்கிட்ட மாதிரியே எழுதியிருக்கும். நாலு வாரம் வரைக்கும்னா பிளக்ல சொருகி வைங்க. அதுக்கு மேலன்னா பெரிய பேட்டரியை ரெண்டு மூணு கோட்டுக்கு இறக்கிட்டு, பிளக்கைக் கழட்டிட்டு, 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும் தனியா மெதுவாச் சார்ஜ் ஏத்தற சின்ன சார்ஜரை மாட்டி வைங்க. விட் எழுதினதுக்கு எண்பத்தெட்டு வருஷம் கழிச்சு வந்த வண்டிக்கும் அதே பெஞ்சு வைத்தியம்.

பிளக்கைச் சொருகியே வச்சிட்டுப் போனா போதாதான்னு கேப்பீங்க. மாடலுக்கு மாடல் மாறும். பல வண்டிகள்ல பெரிய பேட்டரி நிறைஞ்ச உடனே சார்ஜர் தூங்கிடும். அது தூங்கினா சின்னவருக்கும் சாப்பாடு கட். வண்டியோ முழுசாத் தூங்கறதே இல்லை. சாவி பக்கத்துல வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்கும், திருட்டு அலாரம் முழிச்சிருக்கும், சில வண்டிகள் கம்பெனி சர்வர்கிட்ட அப்பப்போ பேசும். 30 மில்லி ஆம்பியர்னு வச்சுக்குவோம், ஒண்ணுமே இல்லாத கரண்ட். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. ஆறு வாரத்துக்கு 30க்கு மேல. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில மூணுல ரெண்டு பங்கு அவுட். தானா இறங்கறது, பேட்டரியோட வயசு எல்லாம் தனி. இதுக்கு மேல சல்பேட் படிகம்.

2020ல கொரோனா வந்தப்போ இந்தக் கணக்கை உலகமே சேர்ந்து போட்டுப் பார்த்தது. கார், பைக், ஸ்கூட்டர் எல்லாம் வாரக்கணக்குல நின்ன இடத்துலயே நின்னது. கிக்கர் இருந்த வண்டிக்காரங்க தப்பிச்சாங்க. பட்டன் ஸ்டார்ட் மட்டும் வச்சிருந்தவங்க தள்ளினாங்க. ஹைபிரிட்டைத் தள்ளினா ஒரு பிரயோஜனமும் இல்லை. ரிலே மூடாம அது வெறும் இரும்பு.

*

சின்னவரை வீட்டை விட்டு அனுப்பற முயற்சியும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. 2016ல வந்த ஹூண்டாய் ஐயானிக் ஹைபிரிட்ல தனி ஈயப் பேட்டரியே கிடையாது. பெரிய லித்தியம் பொட்டிக்குள்ளயே ஒரு மூலையில 12 வோல்ட் பகுதி. அது ஓரளவுக்குக் கீழே இறங்கினா தன்னைத்தானே துண்டிச்சுக்கும். டாஷ்போர்ட்ல ஒரு பட்டனை அழுத்தினா திரும்ப ஒட்டிக்கிட்டு, வண்டியைக் கிளப்பக் கரண்ட் குடுக்கும். ஜம்பர் கேபிளோட அடுத்த வண்டியைத் தேட வேண்டாம். கெட்டரிங் பார்த்திருந்தா அந்தப் பட்டனை ரசிச்சிருப்பார்.

அவரைப் பத்தி ஒரு வால். ஈயத்தைப் பேட்டரியாக் காருக்குள்ள கொண்டு வந்த அதே டேட்டன் கோஷ்டியில, 1921 டிசம்பர்ல தாமஸ் மிட்ஜ்லி ஈயத்தைப் பெட்ரோலுக்குள்ளயும் கலந்தார். இன்ஜின் தட்டற சத்தத்துக்குக் கெட்டரிங்கோட மின்சாரச் சாமான்தான் காரணம்னு ஜனங்க குத்தம் சொன்னதுதான் அந்த ஆராய்ச்சிக்கே ஆரம்பம். அந்த விஷத்தை ரோட்டுக் கார்களோட பெட்ரோல்ல இருந்து உலகம் முழுக்க ஒழிக்க நூறு வருஷம் ஆச்சு. கடைசி நாடு அல்ஜீரியா, 2021. பேட்டரி ஈயம் பெரும்பாலான வண்டிகள்ல அப்படியே இருக்கு.

லீவுக்குக் கிளம்பறவங்களுக்கு மூணே விஷயம். பெரிய பேட்டரியைப் பாதியில விடறதா, சொருகி வைக்கறதா, 12 வோல்ட் பேட்டரிக்கு என்ன செய்யறதுன்னு உங்க மாடலோட கையேட்ல போட்டிருக்கும், அந்தப் பக்கத்தை மட்டுமாவது படிங்க. நம்பிக்கையான ஆள் இருந்தா பத்து நாளைக்கு ஒரு தடவை வந்து, வண்டியை வெளியே எடுத்து முக்கா மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. அப்புறம் அந்தச் சாவிக்குள்ள ஒளிஞ்சிருக்கற இரும்புச் சாவி. ரெண்டாம் தலைமுறை பிரியஸ்ல பேட்டரி பின்னாடி டிக்கிக்குள்ள, டிக்கி திறக்கறதோ கரண்ட் பட்டன். இரும்புச் சாவியால டிரைவர் கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கினா, ஃப்யூஸ் பொட்டிக்குள்ள ஜம்பர் கேபிள் மாட்ட ஒரு பிளஸ் முனை வச்சிருப்பாங்க. உங்க வண்டியில அது எங்க இருக்குன்னு பகல் வெளிச்சத்துல, பெட்டி எதுவும் கையில இல்லாதப்பவே ஒரு தடவை பார்த்து வச்சுக்குங்க.